கார் குதித்தால் ஸ்பிரிங்கை இறுக்கலாமா?

கேள்வி: 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்துக்கு, எங்கள் ஷூ கம்பெனி நண்பர்களோடு போயிருந்தேன். சில இடங்களில் கார்கள் தடதடத்துக்கொண்டு போயின. ரேஸ் காரின் சஸ்பென்ஷன் கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும் என்கிறார்களே, மேடு பள்ளத்திலுமா சார்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: அங்கேதான் கூடாது. இறுக்கினால் கார் சாயாது, தரையிலிருந்து அதன் உயரமும் மாறாது. அடியில் ஓடும் காற்று காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்க அது தேவை. ஆனால் விறைத்த ஸ்பிரிங், மேட்டின் அடியைத் தான் வாங்காமல் காரையே தூக்கிவிடும். டயர் தரையை விட்ட அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

மேடு எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரேக் பிடிக்கும் இடத்தில் இருந்தால் முன்சக்கரம் லாக் ஆகும். வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் இடமென்றால் பின்சக்கரம் வெறுமனே சுழன்று வால் வழுக்கும். நேர்ப்பாதையில் அதே மேடு, அடித்தட்டு உரசாதவரை, பெரிய தொல்லையில்லை.

மெக்கானிக் காரைச் சில மில்லிமீட்டர் உயர்த்துவார், ஸ்பிரிங்கை இளக்குவார். இருபக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆன்ட்டி-ரோல் பாரையும் தளர்த்துவார். இறுக்கமாக இருந்தால், ஒரு சக்கரம் வாங்கும் அடியை அது எதிர்ச்சக்கரத்துக்கும் கடத்தும். நுணுக்கமெல்லாம் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் டாம்பரில். கார் சாய்வது மெதுவான அசைவு, மேட்டில் விழும் அடி வேகமானது. நல்ல டாம்பரில் இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம்: முன்னதை இறுக்கி, பின்னதைத் தளர்த்தலாம். சக்கரம் திரும்ப இறங்கும் வேகத்தை மட்டும் அதிகம் கட்டிப்போடக் கூடாது. போட்டால் அடுத்தடுத்த மேடுகளில் அது முழுதாக இறங்காமல் கார் படிப்படியாகத் தாழ்ந்து தரையில் இடிக்கும். புதிதாக செட்டப் செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

நம்மவர்களுக்கு இது பழைய பாடம். இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன் பந்தயம் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில். அமெரிக்காவின் சீப்ரிங்கும் அப்படிப்பட்ட இடந்தான். அதன் கான்கிரீட் பலகை இணைப்புகள் இன்றும் கார்களை உலுக்குகின்றன. லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போகும் அணிகள் அங்கே வந்து காரைச் சோதித்திருப்பது அதனால்தான்.

இருங்காட்டுக்கோட்டை நீங்கள் சென்னைக்கு வரும் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. அடுத்த பந்தயத்தில் காரைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் துடிக்க, ஓட்டுநரின் ஹெல்மெட் அசையாமல் போனால் செட்டப் சரி.