பதற்றம் தணிய உடலே முதல் வழி

பதற்றம் முதலில் உடலில்தான் தெரியும். பிள்ளை சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பாவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயாராக்கும் பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை இது. அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்க, இதயம் வேகமாகத் துடிக்கிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் ‘பயப்படாதே’ என்பதால் பெரும்பாலும் பயனில்லை. உடல் தணிந்த பிறகே மனம் சொல் கேட்கும்.

உடலைத் தணிக்கக் கைக்கெட்டிய வழி மூச்சு. இதயமும் குடலும் யார் சொல்லுக்கும் கட்டுப்படுவதில்லை. மூச்சோ தானாகவும் ஓடும், சொன்னபடியும் கேட்கும். உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளிவிடும்போது வேகஸ் நரம்பு அதைக் குறைக்கிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டுவதே முக்கியம். ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். 4 நொடி மூக்கால் இழுத்து, 6 நொடி மெல்ல விட்டால் அது 6 முறையாகும். ஐந்து நிமிடம் போதும். புதிதாகப் பழகுவோர் பலர் நெஞ்சு நிறைய வேகவேகமாக இழுக்கிறார்கள். அதனால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும், பதற்றம் இன்னும் கூடும். படபடப்பு வந்த பிறகு மட்டும் செய்து பார்ப்பதும் பலன் தராது. அமைதியான வேளையில் நாள்தோறும் பழகியவருக்கே அவசரத்தில் அது கைகொடுக்கும்.

இறுகிய தோளும் தாடையும் பதற்றத்தை நீட்டிக்கும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வு முறை இதற்கு உதவும். பின்னாளில் பரவிய அதன் எளிய வடிவில், கால் விரல் தொடங்கி முகம்வரை ஒவ்வொரு தசையையும் சில நொடி இறுக்கித் தளர்த்த வேண்டும்.

காபி பிரியர்களுக்கு ஒரு கணக்கு: உடலில் சேரும் காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயமும் மலையாகத் தெரியும். நடையும் வேண்டும், வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது விசித்திரமாகத் தோன்றினாலும் நல்ல பலன் தரும். மாலையில் 20 நிமிடம் உட்கார்ந்து கவலைகளைத் தாளில் எழுத வேண்டும். செய்யக்கூடியது இருந்தால் அடுத்த அடியையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். மற்ற நேரத்தில் தலைதூக்கும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம். படுக்கைக்கு முன்பு மட்டும் இது கூடாது.

மூலிகை என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. பதற்றம் தணிய எடுக்கப்படும் அமுக்கராவை (அஸ்வகந்தா) உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகளும் தைராய்டு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பதற்றம் வாரக்கணக்கில் நீடித்து வேலையையும் உறக்கத்தையும் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.