திரும்பி வராத வீரர்கள்

புராணம், காப்பியம், திரைப்படம் எதுவானாலும் வீரன் ஒருவனின் கதை பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறது. அவன் பிறந்த இடத்தை விட்டுப் புறப்படுகிறான். பழக்கமில்லாத இடத்தில் சோதனைகளைச் சந்திக்கிறான். அங்கே பெற்ற நன்மையோடு தன் மக்களிடம் திரும்புகிறான். ஜோசப் கேம்பல் என்னும் அமெரிக்க அறிஞர் பல நாட்டுப் பழங்கதைகளை ஒப்பிட்டு, 1949-இல் வெளியிட்ட ‘ஆயிரம் முகம் கொண்ட நாயகன்’ என்னும் நூலில் இதை விளக்கினார். புறப்பாடு, சோதனை, திரும்புதல் ஆகியவை அவர் கண்ட மூன்று படிகள். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸ் இந்த நூலால் பயன்பெற்றவர். அதன்பின் திரைக்கதை எழுதுவோர் பலருக்கும் இது ஓர் அளவுகோல் ஆயிற்று.

இராமன் காடு சென்று அயோத்திக்குத் திரும்பினான். பாண்டவர் வனவாசம் முடித்து நாட்டை மீட்டனர். இக்கதைகள் அந்த அளவுகோலுக்குப் பொருந்துகின்றன. ஆனால் மதுரை மண்ணின் கதைகளில் மூன்றாம் படி வேறு விதமாக இருக்கிறது. மதுரைக்கு வந்து பெரும்பேர் பெற்ற இருவர் வீடு திரும்பவே இல்லை. ஒருவர் கண்ணகி. மற்றவர் மதுரை வீரன்.

கண்ணகியின் வழி

கண்ணகி பூம்புகாரில் வணிகர் குடியில் பிறந்தவள். இழந்த பொருளை மீண்டும் ஈட்டக் கோவலன் மதுரைக்குப் புறப்பட்டபோது அவளும் உடன் நடந்தாள். சமணத் துறவியான கவுந்தியடிகள் வழித்துணையாக வந்தார். மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டி அடைக்கலம் தந்தாள். சிலம்பு விற்கச் சென்ற கோவலனைக் கள்வன் என்று பொற்கொல்லன் பழி சுமத்த, பாண்டியன் ஆராயாமல் கொல்லச் சொன்னான்.

அதுவரை வீட்டைத் தவிர வேறொன்றும் அறியாத பெண், அரசவையில் தனியாக நின்று நீதி கேட்டாள். தன் சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கப் பரலைக் காட்டினாள். தவறு உணர்ந்த பாண்டியன் அங்கேயே உயிர் துறந்தான். கிழக்கு வாயில் வழியாகக் கணவனோடு நகருக்குள் வந்தவள், மேற்கு வாயில் வழியாகத் தனியாக வெளியேறினாள்.

அவள் புகாருக்குத் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் வரவேற்க வீட்டில் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். செய்தி கேட்ட இருவர் தந்தையரும் பொருளைத் தானம் செய்து துறவு பூண்டனர். தாயர் இருவரும் உயிர் நீத்தனர். அடைக்கலம் தந்த மாதரியும் தீயில் புகுந்து மாண்டாள். கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்தாள். பதினான்காம் நாள் சேர நாட்டு மலையில் ஒரு வேங்கை மரத்தடியில் நின்று விண்ணுலகம் சென்றாள்.

கல்லாகத் திரும்புதல்

கண்ணகி போனபின்னும் காப்பியம் முடியவில்லை. அவள் விண்ணுலகம் சென்றதைக் கண்டவர்கள் மலைவாழ் குறவர்கள். அவர்களே சேரன் செங்குட்டுவனிடம் சொன்னார்கள். இவளை வழிபட வேண்டும் என்றவள் அவன் அரசி. செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, கொண்டுவந்து கோயில் அமைத்தான்.

வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களைக் கவனிக்க வேண்டும்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தரு காதை. போரில் மாண்ட வீரனுக்குக் கல் நடும் முறையில் தொல்காப்பியம் சொல்லும் படிகளின் பெயர்களே இவற்றில் பெரும்பாலானவை. கல்லைத் தேடிக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்ற அந்த முறையை இளங்கோவடிகள் ஒரு பெண்ணுக்கு ஆக்கினார்.

இது வெறும் காப்பியக் கற்பனை அன்று. கண்ணகி நடந்த அதே வைகைப் பள்ளத்தாக்கில், இன்றைய தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில், 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த அவை கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. அவற்றில் ஒன்று கூடல் ஊர் ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் பெயரைச் சொல்கிறது. அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக அவன் பெயர் அந்த மண்ணில் நிற்கிறது.

ஆகவே தமிழ்க் கதையில் மூன்றாம் படி வீரனின் வேலை அன்று. அது மக்களின் வேலை. அவனால் வர முடியாதபோது மக்கள் போய் அவனை அழைத்து வருகிறார்கள். வரம் கிடைப்பதும் அதற்குப் பிறகுதான். வரந்தரு காதை நடுகல்லுக்குப் பின்னரே வருகிறது. கண்ணகி கோயிலுக்கு வந்த அரசர்களில் இலங்கை மன்னன் கயவாகுவும் ஒருவன் என்று காப்பியம் கூறுகிறது. இன்றும் இலங்கையில் சிங்களவர் பத்தினித் தெய்வமாகவும், மட்டக்களப்புத் தமிழர் கண்ணகி அம்மனாகவும் அவளை வழிபடுகின்றனர்.

மதுரை வீரன்

கதைப்பாடல் சொல்லும் மதுரை வீரன் கதை இது. மாலை சுற்றிப் பிறந்த அரசகுமாரன் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்படுகிறான். தோல் தொழில் செய்யும் அருந்ததியர் குலத்துச் சின்னானும் அவன் மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்தவன் பொம்மியை மணந்து, மதுரைக்கு வந்து, திருமலை நாயக்கரிடம் பணி ஏற்று, அழகர்மலைப் பக்கத்துக் கொள்ளையை அடக்குகிறான். பின்னர் வெள்ளையம்மாளை அழைத்துச் செல்கையில் பிடிபட, ஆராயாமல் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறது. பொம்மியும் வெள்ளையம்மாளும் அவனோடு உயிர் விடுகிறார்கள். அதன்பின் நகருக்கு இடர் வர, பிழை உணர்ந்து அவனுக்குக் கோயில் எழுப்பப்படுகிறது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே இன்றும் அவன் சன்னதி உண்டு.

இரு கதைகளும் ஒன்றையே சொல்கின்றன. ஆட்சி ஆராயாமல் தீர்ப்புச் சொன்னது. குற்றமற்ற உயிர் போனது. கொன்ற நகரமே கை கூப்ப வேண்டி வந்தது. அந்தக் கும்பிடு தவறை ஒப்புக்கொள்ளும் கும்பிடு.

வளர்த்தவர் பெருமை

இக்கதையில் இன்னொரு கேள்வியும் உண்டு. ஓட்டோ ராங்க் என்னும் அறிஞர் 1909-இல் வீரர்களின் பிறப்புக் கதைகளை ஆராய்ந்தார். உயர்குடியில் பிறந்து, கைவிடப்பட்டு, எளியவர் வீட்டில் வளர்ந்து, பின்பு வெளிப்படுவது பல நாடுகளுக்கும் பொது என்று கண்டார். மோசே, கர்ணன் ஆகியோர் அவர் காட்டிய சான்றுகளில் சிலர்.

மதுரை வீரனின் அரசப் பிறப்பு பின்னால் சேர்க்கப்பட்டது என்று கருதுவோர் பலர். சின்னானின் சொந்த மகனாகவே பிறந்த ஒருவன் இத்தனை வீரம் காட்டினான் என்பதை ஏற்க மனமில்லாதவர்களே அவனுக்கு அரச இரத்தம் கொடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து, கண்ணதாசன் வசனம் எழுதி வெளியான ‘மதுரை வீரன்’ படத்திலும் நாயகன் அரச குலத்தில் பிறந்தவனே.

பிறப்பு எதுவாயினும் ஒன்று உறுதி. காட்டில் கிடந்த குழந்தையை எடுத்தது அரண்மனை அன்று. பாரதத்தில் கண்ணன் பிறப்பு இரகசியத்தைச் சொல்லி அரசாட்சி தருவதாக அழைத்தபோதும், தன்னைப் பாலூட்டி வளர்த்த இராதையே தாய், அதிரதனே தந்தை என்று கர்ணன் உறுதியாக நின்றான். அவனுடைய உண்மையான வீரம் அந்த இடத்தில்தான் தெரிகிறது. கிரீடத்தைவிட வளர்த்த கையை அவன் பெரிதென்று எண்ணினான்.

ஏடு வாசிப்பு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று 1833-இல் வெளிவந்தார்; தவம் இருந்தார்; சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து தம் மக்களிடம் திரும்பினார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்தார். அதற்கு அரசப் பிறப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

பிள்ளைகளுக்கு இக்கதைகளைச் சொல்லும்போது வீரன் எப்படி வென்றான் என்பதோடு நிறுத்தக் கூடாது. அவனை யார் வளர்த்தார்கள், யார் தவறாகத் தீர்ப்பளித்தார்கள், அவனை யார் திரும்ப அழைத்து வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோராலும் வீரனாக முடியாமல் போகலாம். மாதரியைப் போல அடைக்கலம் தரவும், சின்னானைப் போல எடுத்து வளர்க்கவும், குறவர்களைப் போலக் கண்டதைச் சொல்லவும் எல்லோராலும் முடியும்.

சிந்திக்க

1. கண்ணகிக்கு வழியில் துணை நின்றவர்கள் யார் யார்?
2. பாண்டியனும் நாயக்கரும் செய்த ஒரே பிழை எது? அன்றாட வாழ்வில் அப்பிழை எப்படி நேர்கிறது?
3. உங்கள் ஊரில் பெயர் மறந்துபோன நடுகல் அல்லது வீரன் கோயில் உண்டா? அதன் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருக.

அய்யா உண்டு.