கரண்டிக் கணக்கும் கிராம் கணக்கும்



கிளினிக்குக்குப் போனால், "எண்ணெயைக் குறைங்க, சீனியைக் குறைங்க" என்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிராம் என்று கணக்கும் சொல்கிறார்கள். நம் அடுப்படியில் கிராம் ஏது? கரண்டியும் கிளாஸும்தான் உண்டு. கரண்டியைக் கிராமாக மாற்றத் தெரியாவிட்டால், டாக்டர் சொன்னது காதோடு நின்றுவிடும். ஆகவே இந்த முறை அந்தக் கணக்கைப் படிப்போம்.

லிட்டர் என்பது ஒரு பொருள் பிடிக்கும் இடத்தின் அளவு. கிலோ என்பது எடை. தண்ணீருக்கு இரண்டும் ஒத்துப்போகும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. "அப்போ எண்ணெயும் அப்படித்தானே?" என்று கேட்பீர்கள். இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் மிதக்கிறது. 1 லிட்டர் செம்பனை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். தேனும் டின்பாலும் கனம். தண்ணீரில் விட்டால் அடியில் போய் உட்காரும்.

2016 நவம்பர் முதல் அரசாங்க உதவித்தொகை கிடைக்கும் எண்ணெய்ப் பாக்கெட்டும் 1 கிலோதான். அதை அளந்து ஊற்றினால் சுமார் 1,100 மில்லிலிட்டர் வரும். பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் கடையில் வாங்கும் நல்லெண்ணெய்ப் போத்தலில் மில்லிலிட்டர் போட்டிருந்தால், இரண்டையும் ஒன்றாக நினைத்து விலை பார்க்காதீர்கள்.

மாற்றும் முறை சுலபம். மில்லிலிட்டரைக் கீழே உள்ள எண்ணால் பெருக்கினால் கிராம் கிடைக்கும்.

எண்ணெய்: 0.91
தேங்காய்ப்பால்: 1
டின்பால்: 1.3
தேன்: 1.4

ஒரு மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர். வீட்டுக் கரண்டி பெரிசும் சின்னதுமாக இருக்கும். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில் 15 மில்லி கோடு இருந்தால், அதைக் கழுவி, தண்ணீர் ஊற்றி உங்கள் கரண்டியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கரண்டியில் எண்ணெய் சுமார் 14 கிராம், டின்பால் சுமார் 20 கிராம், தேன் 21 கிராம் இருக்கும்.

இனி உடம்புக்கு வருவோம். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி டின்பால் ஊற்றினால் 40 கிராம். அதில் ஏறக்குறைய பாதி சீனி, அதாவது சுமார் 20 கிராம். காலையில் ஒன்று, வேலை நடுவே ஒன்று, சாயந்தரம் ஒன்று என்றால் 60 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இப்படிச் சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராம் என்றால் இன்னும் நல்லது. "நான் தேத்தண்ணியில சீனியே போடுறதில்லை" என்று சொல்லும் இனிப்புநீர் நோயாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். சீனி டின்னுக்குள்ளேயே இருக்கிறது!

எண்ணெய்க்குக் கரண்டிகூட வேண்டாம். பாக்கெட் பிரித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ 10 நாளில் தீர்ந்தால், 1,000 கிராமை 40 ஆல் வகுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். எண்ணெய் 1 கிராமுக்கு 9 கலோரி; ஆக 225 கலோரி. இது ஒரு கோப்பைச் சோற்றின் கலோரிக்குச் சற்று அதிகம். பொரித்த பிறகு கொட்டிவிட்ட எண்ணெய் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அதே பாக்கெட் 14 நாள் வந்தால், ஆளுக்குச் சுமார் 18 கிராமாகக் குறையும்.

மூன்று கிளாஸில் ஒன்றைப் பால் இல்லாத, சீனி இல்லாத தேத்தண்ணியாக மாற்றுங்கள். கரண்டியை இரண்டிலிருந்து ஒன்றாக்குங்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையையோ ஊசியையோ மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அளவறிந்து சமைப்போம், உடல்நலம் காப்போம்.