சிரக்கூசா நகரைக் காண்போம்

உலகப் படத்தில் இத்தாலி ஒரு காலணியைப் போலவும், அதன் நுனியில் உதைபடும் பந்தைப் போல சிசிலித் தீவும் தெரியும். அத்தீவின் கிழக்குக் கரையில் உள்ளது சிரக்கூசா. கொரிந்து நகரத்துக் கிரேக்கர் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறினர். புனித சின்னப்பர் உரோமைக்குச் செல்லும் வழியில் மூன்று நாள் தங்கியதும் இந்நகரில்தான்.

முதலில் பேராலயத்திற்குள் நுழைவோம். இது ஒரு காலத்தில் அத்தேனா தேவதையின் கோவில், கட்டியது கி.மு. 5ஆம் நூற்றாண்டில். பிற்காலத்தில் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பி ஆலயமாக்கினர். பருத்த கிரேக்கத் தூண்கள் இன்றும் சுவரில் புடைத்து நிற்கின்றன. இடித்துத் தள்ளாமல் விட்டார்களே என்று எனக்கு மகிழ்ச்சி!

பாவ்லோ ஓர்சி அருங்காட்சியகத்தில் எல்லாரும் தலையில்லாத வீனஸ் சிலையைத் தேடிப் போவார்கள். என் மனத்தைத் தொட்டது வேறொன்று: இரண்டு குழந்தைகளுக்குப் பாலூட்டும் தாயின் சுண்ணாம்புக்கல் சிலை. அதற்கும் தலை இல்லை. ஆனாலும் அணைத்த கைகளே தாய் என்று சொல்லிவிடுகின்றன.

ஊரின் மறுபுறம், பாறையைக் குடைந்து படிப்படியாக அமைத்த நாடக அரங்கு இருக்கிறது. அதன் அருகிலேயே கல்வெட்டிய பெரும்பள்ளங்கள். கி.மு. 413இல் தோற்ற ஏதென்சு வீரர் சுமார் 7,000 பேரை இத்தகைய பள்ளங்களில்தான் அடைத்தனர். ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர், அதைப்போல் இருமடங்கு தானியம். பகலில் வெயில், இரவில் குளிர், பக்கத்தில் இறந்தோரின் உடல்கள். யூரிப்பிடீசின் நாடக வரிகளை ஒப்பிக்கத் தெரிந்த சிலர் மட்டும் விடுதலை பெற்றதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். மனப்பாடச் செய்யுளுக்கு முகம் சுளிக்கும் நாம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்! இன்று அப்பள்ளம் ஒன்றில் எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்க்கின்றன.

ஆர்க்கிமிடீசின் ஊரும் இதுவே. தன்னைச் சரியாக உள்ளடக்கும் உருளையின் கன அளவில் கோளம் மூன்றில் இரண்டு பங்கு என்று கண்டவர் அவர். நம் கணக்குப் புத்தகச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். கி.மு. 212இல் உரோமைப் படைவீரன் ஒருவன் அவரைக் கொன்றான். கல்லறைமீது கோளமும் உருளையும் செதுக்கி வைத்தனர். கி.மு. 75இல் சிசரோ என்னும் உரோமை அறிஞர் அதைத் தேடி வந்தபோது, அப்படி ஒரு கல்லறையே இல்லை என்றனர் ஊரார். அவர் முட்புதருக்கு மேல் எட்டிப் பார்த்த அந்தச் சின்னத்தைக் கண்டு, புதரை வெட்டச் செய்து வழி உண்டாக்கினார்.

அதன் பிறகு அது மீண்டும் மறைந்தது. இன்று 'ஆர்க்கிமிடீஸ் கல்லறை' என்று பயணிகளுக்குக் காட்டப்படுவது உரோமையர் காலத்து வேறொரு கல்லறை.