மாரித் தவளையைப் படமெடுக்க

தவளைப் படத்தின் மதிப்பு அழகைவிட உண்மையில்தான் இருக்கிறது. 1853இல் விவரிக்கப்பட்டு, பின்னர் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இலங்கை மரத்தவளை ஒன்று 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. இத்தகைய இனங்களைப் பிரித்தறிய உடற்புள்ளி, கண்நிறம், விரலிடைச் சவ்வு போன்றவை உதவுகின்றன. ஆகவே யாழ்ப்பாணத்து அரியாலை வயல்வரம்பில் மாரி இரவில் படமெடுப்பவரும் தவளையைத் தொடாமல், அதன் கண்மட்டத்துக்குக் கமராவைத் தாழ்த்தி, முதுகு, பக்கவாட்டு, கால் எனப் பல கோணங்களில் எடுக்க வேண்டும். பிளாஷின் முன் மெல்லிய வெள்ளைத்தாளைப் பிடித்தால் ஈரத்தோலின் பளபளப்புக் குறையும்.

பிடித்து இலையில் வைத்தால் படம் இன்னும் நன்றாக வருமே எனலாம். ஆனால் தவளை தோலாலும் சுவாசிக்கிறது. கையில் பூசிய நுளம்பு மருந்து அதைப் பாதிக்கும், அதன் இயல்பான இருப்பிடமும் பதிவாகாது. அப்படியானால் கணினியில் திருத்துவதும் பிழையா? இருளைச் சற்று வெளிச்சமாக்குவதும் ஓரம் வெட்டுவதும் பிழையல்ல. நிறத்தை அடர்த்தியாக்குவதும், தோலின் நுணுக்கங்களைச் செயற்கை நுண்ணறிவு வரையவிடுவதும் சான்றையே அழிப்பவை. மூலக்கோப்பைத் திகதியோடு தனியே சேமியுங்கள். அரிய இனமெனத் தோன்றினால், இடத்தைப் பொதுவில் வெளியிடாமல் ஆய்வாளருக்கு மட்டும் அறிவியுங்கள்.