ஈஸ்ட்டுக்கு முதல் பந்தி

வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் கடையில் வாங்கும் திரவ ஈஸ்ட் பொட்டலம் ஒன்றில் சுமார் 10,000 கோடி செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். கேட்கப் பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 கேலன், அதாவது 19 லிட்டர், நடுத்தர அடர்த்தியுள்ள ஏல் காய்ச்சினால் அதற்கே சுமார் 17,000 கோடி செல்கள் தேவை. ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும், சர்க்கரை அடர்த்தியைக் குறிக்கும் ஒவ்வொரு பிளேட்டோ பாகைக்கும் 7.5 லட்சம் செல்கள் என்பது கணக்கு. லாகர் பியருக்கு இது இரட்டிப்பாகும். பொட்டலம் கடையின் குளிர்பெட்டியில் இரண்டு மாதம் கிடந்திருந்தால் உயிரோடிருக்கும் செல்கள் இன்னும் குறைவு.

இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் ஸ்டார்ட்டர். பியர் காய்ச்சுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஈஸ்ட்டை ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வொர்ட்டில் விட்டுப் பெருக்கிக்கொள்கிறார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறுதான் வொர்ட். உலர் ஈஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கூடுதல் செல் வேண்டுமென்றால் இன்னொரு பொட்டலத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். திரவ ஈஸ்ட்டில் கிடைக்கும் வகைகளுக்காக அதைத் தேடிப் போகிறவர்களுக்கே இந்தக் கட்டுரை.

ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் வொர்ட்டுக்காகப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, பொங்கி வழியாமல் காவல் நின்று, ஆறவைப்பது அலுப்பான வேலை. ஒரே நாளில் ஏழு ஜாடிகளுக்குத் தயாரித்து அலமாரியில் அடுக்கிவிட்டால் அடுத்த சில மாதங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் அதைச் சரியாகச் செய்ய ஒரே வழிதான் உண்டு. பலர் செய்யும் இன்னொரு வழி ஆளைக் கொல்லக்கூடியது. அதை முதலில் பேசிவிடுவோம்.

கொதிக்கவைத்து மூடினால் போதாதா?

போதாது. கொதிக்கக் கொதிக்க வொர்ட்டைச் சுத்தமான ஜாடியில் ஊற்றி இறுக மூடினால் ஈஸ்ட், பூஞ்சை, சாதாரண பாக்டீரியாக்கள் எல்லாம் செத்துவிடும். கிளாஸ்ட்ரிடியம் பாட்யூலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மட்டும் சாகாது. மண்ணில் வாழும் இந்த உயிரி தானியத்தோடு நம் பாத்திரத்துக்கு வந்து சேரலாம். 100 டிகிரி கொதிநிலையை அதன் வித்துகள் தாங்கிக்கொள்ளும். பிறகு வளர்வதற்கு அவை கேட்பவை மூன்று: காற்றில்லாத இடம், அறையின் வெதுவெதுப்பு, 4.6-க்கு மேற்பட்ட பி.எச். மூடிய ஜாடியில் காற்று இல்லை. அலமாரி வெதுவெதுப்பானது. வொர்ட்டின் பி.எச். 5.2 முதல் 5.6 வரை. போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளையும் நாமே கொன்று வைத்திருக்கிறோம். இதைவிடச் சொகுசான வீடு அதற்குக் கிடைக்காது.

1895-இல் பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில், சாவுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறியைச் சாப்பிட்டு நோயில் விழுந்தார்கள், மூவர் இறந்தார்கள். அந்தக் கறியை ஆராய்ந்தபோதுதான் எமில் வான் எர்மெங்கம் இந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். நச்சு இருக்கும் உணவு கெட்ட நாற்றம் வீசியே தீரும் என்று நம்பி இருக்க முடியாது.

'பியரில் அமிலமும் ஆல்கஹாலும் இருக்கிறதே, அதில் இந்தக் கிருமி வளராதே' என்று ஒரு வாதம் உண்டு. வளராது, உண்மைதான். ஆனால் அலமாரியில் கிடந்த ஜாடிக்குள் முன்பே உருவாகிவிட்ட நச்சைப் பியர் அழித்துவிடாது. ஆகவே, வெந்நீர்க் குளியலில் ஜாடிகளை முக்கி எடுத்து அறைவெப்பத்தில் மாதக்கணக்கில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வித்துகளைக் கொல்ல 121 டிகிரி வேண்டும். கடல்மட்டத்தில் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் நீராவி அந்த வெப்பத்தை எட்டும்.

எந்தக் கருவி?

இதற்கென்றே விற்கும் பிரஷர் கேனர் வாங்கவேண்டும். அமெரிக்காவில் பிரெஸ்டோவின் 23 குவார்ட் கேனர் பரவலாகக் கிடைக்கிறது. ஆல் அமெரிக்கன் என்பது விலை கூடிய, தலைமுறைக்கு வரும் சாமான். பிரெஸ்டோவில் 7 குவார்ட் ஜாடிகள் அடங்கும்.

நம் வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்று: விசில் குக்கரில் வைத்தால் என்ன? அதன் வெயிட்டும் ஏறக்குறைய இதே அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதுதானே? சிக்கல் என்னவென்றால், சிறிய குக்கர் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறிவிடும். கேனருக்கான நேரக்கணக்கு, மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் நேரத்தையும் சேர்த்தே போடப்பட்டது. குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகள் கொள்ளாத பாத்திரத்தை கேனராகப் பயன்படுத்த வேண்டாம் என்றே அமெரிக்க வழிகாட்டிகள் சொல்கின்றன. மின்சார மல்டி குக்கருக்கும் இதே பதில். விசிலை எண்ணி நேரம் கணக்கிடுவது பருப்புக்குச் சரி.

ஜாடி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பால், கெர் போன்ற நிறுவனங்களின் மேசன் ஜாடிகள், தட்டையான மூடி, அதன்மேல் திருகும் வளையம் ஆகியவை போதும். ஊறுகாய் பாட்டிலும் காபித்தூள் பாட்டிலும் இந்த அழுத்தத்துக்கு ஆனவை அல்ல. தட்டை மூடியை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். வளையத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

வொர்ட் தயாரிப்பு

நாம் வேண்டும் அடர்த்தி 1.035-இலிருந்து 1.040-க்குள். ஸ்டார்ட்டர் நல்ல பியராக வேண்டியதில்லை, செல்கள் பெருகினால் போதும். அடர்த்தி கூடினால் ஈஸ்ட் திணறும். ஹாப்ஸ் தேவையில்லை. 'சர்க்கரைத் தண்ணீர் போதாதா' என்று கேட்பவர்களுக்கு: சர்க்கரையில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து கிடையாது. தவிர, மால்ட்டின் முக்கியச் சர்க்கரையான மால்டோஸை உண்ணும் பழக்கம் அந்த ஈஸ்ட்டுக்குக் குறைந்துபோகும்.

எளிய வழி, உலர்ந்த மால்ட் பொடி. லிட்டருக்கு 100 கிராம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், அடர்த்தி 1.037 அளவில் வந்து நிற்கும். குவார்ட் ஜாடியில் மேலே இடம் விட்டால் 900 மில்லி பிடிக்கும். ஏழு ஜாடிக்கு 6.3 லிட்டர், 630 கிராம் பொடி. அடுப்பை அணைத்துவிட்டு வெதுவெதுப்பான நீரில் பொடியைத் தூவிக் கலக்குங்கள். கொதிக்கும் நீரின் ஆவியில் கொட்டினால் கரண்டியிலும் பாத்திரத்திலும் பசையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதி வரும் அந்த முதல் நிமிடங்களில் நுரை பொங்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தானியத்திலிருந்து எடுப்பது செலவு குறைந்தது, வேலை கூடியது. ஏழு ஜாடிக்கு 1.1 கிலோ உடைத்த வெளிர் மால்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 72 டிகிரியில் உள்ள 3.3 லிட்டர் நீரில், துணிப்பையில் கட்டிய மால்ட்டைப் போட்டுக் கிளறினால் கலவை 66 டிகிரிக்கு இறங்கும். கனமான துணியோ கம்பளியோ சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். இந்த நேரத்தில்தான் மால்ட்டின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. பையைத் தூக்கி, 76 டிகிரி வெந்நீர் சுமார் 5 லிட்டரை அதன்மேல் மெல்ல ஊற்றி வடியுங்கள். 7 லிட்டர் சேர்ந்ததும் 15 நிமிடம் கொதிக்கவைத்தால் வேண்டிய அளவுக்கு வற்றும். ஆறவைத்த சிறிதளவை ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். 1.045 காட்டினால் நீர் விடுங்கள், 1.030 காட்டினால் ஒரு கைப்பிடி மால்ட் பொடி சேருங்கள்.

ஜாடியில் அடைப்பது

ஜாடிகளைச் சூடாகவே வைத்திருங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் வொர்ட் பட்டால் விரிசல் விடும். மேலே ஓர் அங்குலம் இடம் விட்டு ஊற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். விளிம்பில் வொர்ட் பிசுக்கு இருந்தால் மூடி ஒட்டாது. வளையத்தை விரல்நுனியால் இறுக்கினால் போதும், ஏனென்றால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும்.

கேனரின் அடித்தட்டில் ஜாடிகளை வைத்து, அதன் கையேடு சொல்லும் அளவு நீர் ஊற்றி மூடுங்கள். ஆவி சீறிக்கொண்டு வரத் தொடங்கியதும் வெயிட்டை வைக்காமல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். உள்ளே காற்று தங்கிவிட்டால் முள் 15 என்று காட்டும், வெப்பமோ 121-ஐ எட்டியிருக்காது. அதன்பிறகு வெயிட்டைப் போட்டு, 15 பி.எஸ்.ஐ. வந்த நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள்.

எவ்வளவு நேரம்? வீட்டில் பியர் காய்ச்சுபவர்களிடம் புழங்கும் எண் 15 நிமிடம்; ஆய்வகங்களில் வளர்ப்பு ஊடகங்களை ஆட்டோகிளேவில் வைக்கும் கணக்கு அது. ஆனால் அமெரிக்க வேளாண்துறையின் கேனிங் வழிகாட்டியில் வொர்ட்டுக்கென்று சோதித்த நேரப்பட்டியல் கிடையாது. குவார்ட் ஜாடியின் நடுப்பகுதி சூடேறவும் நேரம் பிடிக்கும். எனவே குவார்ட்டுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்துவிட்டு, திறந்த பின்னும் ஒருமுறை கொதிக்கவைப்பதே என் பரிந்துரை. இடையில் அழுத்தம் 15-க்குக் கீழே இறங்கினால் நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். டென்வர் போன்ற மேட்டுநில ஊர்களில் அதே 15 பி.எஸ்.ஐ.யில் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறையும். அங்கே நேரத்தைக் கூட்டுங்கள். முள் வைத்த மானியை ஆண்டுக்கொரு முறை சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவில் பல மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகங்கள் இதைச் செய்து தருகின்றன.

அடுப்பை அணைத்தபின் கேனரை அப்படியே விட்டுவிடுங்கள். குக்கரைக் குழாயடியில் காட்டி ஆவியை அடக்கும் நம் வழக்கம் இங்கே ஆகாது. வெளியே அழுத்தம் சட்டென்று விழுந்தால் ஜாடிக்குள் வொர்ட் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்துவிடும். முள் தானாகச் சுழிக்கு வந்து, மேலும் 10 நிமிடம் போனபிறகு திறக்கலாம். எடுத்து வைத்த ஜாடிகள் ஆற ஆற மூடிகள் ஒவ்வொன்றாக 'டிக்' என்று உள்வாங்கும். மறுநாள் வளையங்களைக் கழற்றி, மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அந்த ஜாடி ஒட்டவில்லை. அதைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் பயன்படுத்திவிடுங்கள். மற்றவற்றில் தேதியும் அடர்த்தியும் எழுதி இருட்டான இடத்தில் வையுங்கள். ஓராண்டுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அடியில் படியும் பழுப்பு மண்டி, கொதியில் திரண்ட புரதம். நிறம் சற்றுக் கறுத்திருப்பதும் உயர் வெப்பத்தின் வேலைதான்.

பயன்படுத்தும் நாள்

மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது உள்ளிருந்து பீறிட்டாலோ, முகர்ந்துகூடப் பார்க்காமல் அப்புறப்படுத்துங்கள். நல்ல ஜாடி என்றால் மண்டியை விட்டுத் தெளிவை வடித்து 10 நிமிடம் கொதிக்கவையுங்கள்; நச்சு ஒருவேளை இருந்தாலும் கொதியில் அழிந்துவிடும், வித்துதான் கொதியைத் தாங்கும். 20 முதல் 22 டிகிரிக்கு ஆறியதும், கிருமிநாசினியில் அலசிய கூம்புக் குடுவையில் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். கொதித்த வொர்ட்டில் ஆக்சிஜன் இருக்காது, ஈஸ்ட் பெருக அது வேண்டும். ஈஸ்ட்டைச் சேர்த்து, குடுவையின் வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, காந்தக் கலக்கியில் ஒன்று ஒன்றரை நாள் சுழலவிடுங்கள். கலக்கி இல்லாதவர்கள் போகும்போதும் வரும்போதும் ஒரு குலுக்குக் குலுக்கினால் ஓரளவு ஈடாகும். பிறகு குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தால் ஈஸ்ட் வெண்ணிறப் படலமாக அடியில் படியும். மேலே நிற்பது சுவையற்ற, காற்றுப்பட்ட பியர். அதைக் கொட்டிவிட்டு மிஞ்சியதைக் கலக்கி முதன்மைக் கலத்தில் சேருங்கள்.

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கூட்டரசு அளவில் வழிவிட்டது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் இசைந்தன. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் மது தயாரிப்பது இன்றும் குற்றம். ஊருக்கு வரும்போது இந்தப் பொழுதுபோக்கை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டுமே காய்ச்சுபவர் கேனர் வாங்குவது வீண் செலவு. அவர்களுக்கு உறைபெட்டி போதும். கொதிக்கவைத்து ஆறிய வொர்ட்டை ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பாக்களில், பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு ஊற்றி உறையவையுங்கள். உறையும்போது நீர் விரியும். கண்ணாடி வேண்டாம். முதல்நாள் இரவு டப்பாவைக் குளிர்பெட்டிக்கு மாற்றி, காலையில் 10 நிமிடம் கொதிக்கவைத்தால் வொர்ட் தயார். அதற்கும் சோம்பல்படுபவர்களுக்கு ஒமேகா ஈஸ்ட் நிறுவனம் செறிவாக்கிய வொர்ட்டைத் தகர டப்பாவில் விற்கிறது. சம அளவு நீர் சேர்த்தால் போதும், விலைதான் மால்ட் பொடியைப் போலப் பல மடங்கு.