எழுபத்தொரு வயதில் இடம்பெயர்ந்தோரிடம் போன ஒருவர்



வெளிநாட்டிலிருந்து வயதான துறவியரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், தாதியரும் நமது பகுதிகளுக்கு வந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்கிப் பணி செய்வதை நாம் கண்டிருக்கிறோம். காலையில் செபம், பகலில் வேலை, ஓய்வு நாளில் குளம், கடற்கரை, பழைய கோயில் என்று அவர்களுடைய நாட்கள் போகும். "இந்த வயதில் இவர் என்ன செய்யப் போறார்? ஊர் பார்க்கத்தானே வந்திருக்கிறார்" என்று மரத்தடியில் கதைப்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. அதை வைத்துக்கொண்டு இம்முறை ஒரு பிரெஞ்சு அருட்சகோதரியின் வரலாற்றைப் படிப்போம். அவர் பெயர் றோஸ் பிலிப்பீன் டுஷேன். அவர் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததும் நிலம் பறிக்கப்பட்டு இடம்பெயர்ந்த மக்களிடம்தான்.

அந்த மக்கள் யார்?

செவ்விந்தியர் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அமெரிக்கப் பூர்வ குடிகளுள் பொட்டவாட்டொமி மக்களும் ஓர் இனத்தவர். இண்டியானாப் பகுதியின் ஏரிகளும் காடுகளும் சூழ்ந்த நிலத்தில் அவர்கள் வாழ்ந்தார்கள். ஆண்கள் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போவார்கள். பெண்கள் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிடுவார்கள். 1830இல் அமெரிக்க அரசு பூர்வ குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றச் சட்டம் இயற்றியது. மெனோமினி என்ற தலைவர் தமது கிராமத்தின் நிலத்தை விற்க மறுத்தார். 1838 ஆகஸ்ட் முடிவில் படையினர் கிராமத்தைச் சூழ்ந்துகொண்டு சனங்களைப் பிடித்தார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி நடை தொடங்கியது.

ஏறக்குறைய 850 பேர், 660 மைல், இரண்டு மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வீதியால் போய்த் திரும்பி வந்தாலும் இவ்வளவு தூரம் ஆகாது. அந்த வருடம் கடும் வரட்சி; தூசி, தண்ணீர்ப் பஞ்சம், காய்ச்சல். வழியில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். வழித்தங்கலில் புதைத்துவிட்டு, மறுநாள் காலை மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது. அவர்களோடு போன பெற்றி என்னும் இளம் குருவானவரும் நோயுற்று, திரும்பும் வழியில் சென். லூயிஸ் நகரில் 27 வயதில் இறந்தார். நவம்பரில் கன்சாஸ் போய்ச் சேர்ந்தபோது, கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகள் அங்கே இல்லை. குளிர்காலம் தொடங்கிவிட்டது. வாக்குறுதியை நம்பிப் போய் வெறுந்தரையைக் கண்ட அனுபவம் நம்மில் பலருக்குப் புதிதல்ல.

மறு வருடம் அவர்கள் சுகர் கிறீக் என்ற ஓடைக்கரையில் குடியேறினார்கள். ஏரியும் காடுமாக இருந்த ஊரை விட்டு, ஓடை ஓரத்தில் மட்டும் மரம் நிற்கும் புல்வெளிக்கு வந்திருந்தார்கள். மண் வேறு, மழை வேறு, விறகு கிடைக்கும் இடமும் வேறு. செம்மண் தோட்டத்தை விட்டு வன்னிக்காட்டுக்குப் போய் முதற்பயிர் வைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிலிப்பீன்

1769இல் பிரான்சின் கிறெனோபிள் நகரில் பிறந்தவர் இவர். சிறுமியாக இருந்தபோதே ஒரு மறைபரப்புக் குரு சொன்ன அமெரிக்கக் கதைகளைக் கேட்டு, அம்மண்ணைக் காண ஆசைப்பட்டார். அந்த ஆசை நிறைவேற வெகுகாலம் எடுத்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய மடம் மூடப்பட்டது. பிறகு திரு இருதய சபையில் சேர்ந்தார். 1818இல், 48 வயதில்தான் கப்பலேறினார். அமெரிக்காவில் சென். சார்ள்ஸ் என்ற ஊரில் ஒரு மரக்குற்றி வீட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடசாலை தொடங்கினார். தொடர்ந்து இருபது வருடங்களுக்கு மேலாக நிருவாகம், கடன், நோய். ஆங்கிலம் அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை.

1841இல் சுகர் கிறீக்குக்கு மூன்று சகோதரிகளை அனுப்ப முடிவானபோது, 71 வயது நோயாளியான பிலிப்பீனை விட்டுவிட்டுப் போகவே பலரும் நினைத்தார்கள். கூட்டத்துக்குப் பொறுப்பான யேசு சபைக் குரு மறுத்துவிட்டார். வேலை செய்ய இயலாவிட்டாலும் அவர் செபத்தால் பணியைத் தாங்குவார் என்பது அவருடைய எண்ணம்.

வேலை செய்யாத ஒரு வருடம்

போன இடத்தில் பொட்டவாட்டொமி மொழி அவருக்கு ஏறவேயில்லை. லூசில் மத்தவோன் என்ற சகோதரியும் மற்றவர்களும் மொழியைக் கற்று, பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார்கள். பிலிப்பீன் காலையும் மாலையும் பல மணிநேரம் மரக்கோயிலில் முழந்தாளில் இருந்தார். இயன்றபோது காலுறை பின்னினார். பிள்ளைகள் ஓசைப்படாமல் போய் அவருடைய அங்கியில் சோளமணிகளை வைத்துவிட்டு, வெகுநேரம் கழித்து வந்து பார்ப்பார்களாம்; மணிகள் வைத்தபடியே இருக்குமாம். இப்படி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. 'எப்போதும் செபிக்கும் பெண்' என்று அந்த மக்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள்.

ஒரு திட்ட அறிக்கையில் அவரைப்பற்றி எழுத ஒன்றும் இராது. கிணறு வெட்டவில்லை, விதை கொடுக்கவில்லை, மொழியும் தெரியாது. ஆனால் எல்லோரும் 'போ' என்று விரட்டிய மக்களிடம், போகத் தேவையில்லாத ஓர் ஆச்சி தேடி வந்து இருந்தார். அவர்கள் கண்டு பெயரிட்டது இதைத்தான் என்று நாம் நினைக்கிறோம். பாடசாலையை நடத்த மற்றவர்கள் இருந்தபடியால் அவரால் இப்படி இருக்க முடிந்தது என்பதும் உண்மை. நால்வரும் கோயிலிலேயே இருந்திருந்தால் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரிந்திராது.

ஊர் பார்க்கும் ஆசையும் அவரை விடவில்லை. முதிர்ந்த வயதிலும் றொக்கி மலைகளுக்கு அப்பாலுள்ள பணித்தளங்களைப்பற்றிக் கேட்டறிந்து, அங்கும் போக ஏங்கினார். இதில் குறை காண எதுவும் இல்லை. புதிய மண்ணைக் காண விரும்பாதவர் அங்கே வேலை செய்யவும் விரும்பமாட்டார். நமது முகாம்களுக்கு வந்து, தறப்பாள் கொட்டில்களைப் படம் பிடித்துக்கொண்டு, பெயர்கூடக் கேளாமல் வாகனத்தில் ஏறிப் போனவர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்களும் ஊர் பார்க்கத்தான் வந்தார்கள். பார்க்கப்பட்டவர்கள் அவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை இங்கே எழுதாமல் விடுவோம்!

ஒன்றை மறைக்கக்கூடாது. அக்காலத்தில் அவருடைய சபை அமெரிக்காவில் கறுப்பின அடிமைகளின் உழைப்பையும் பயன்படுத்தியது. சபையே அண்மைய வருடங்களில் இதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு மக்களின் துயரைக் கண்ட கண், அருகில் நின்ற இன்னொரு மக்களின் துயரைக் காணாமலும் போகலாம்.

1842இல், உடல்நிலை காரணமாக, அவருடைய விருப்பத்துக்கு மாறாக அவர் சென். சார்ள்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். அங்கே ஒரு சிற்றறையில் பத்து வருடம் வாழ்ந்து 1852இல் இறந்தார். 1988இல் புனிதராக உயர்த்தப்பட்டார். சுகர் கிறீக் மக்களோ 1848இல் மீண்டும் பெயர்க்கப்பட்டார்கள். லூசிலும் அவர்களோடு போனார். அந்த ஓடைக்கரையில் இறந்த ஏறக்குறைய 600 பேரின் பெயர்கள் இன்று அங்கே சிலுவைகளில் எழுதப்பட்டுள்ளன.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது குடியேற்றத்தில், வேலைக்கு இயலாதவர் என்று நாம் ஒதுக்கிவைத்த முதியவர்கள் யார்? பழைய ஊரின் பயிர், விதை, மழைக்குறி பற்றி அவர்களிடம் கடைசியாக எப்போது கேட்டோம்?

2. வெளியிலிருந்து வந்து தங்குபவருக்கு முதல் வாரத்தில் நாம் எதைக் காட்ட விரும்புகிறோம்? எந்தக் கிணறு, எந்த வளவு, யாருடைய வீடு?

3. இடம்பெயர்ந்த வழியில் நாம் புதைத்துவிட்டு வந்தவர்களின் பெயர்கள் எங்காவது எழுதப்பட்டிருக்கின்றனவா? இல்லையெனில், அவற்றை யார் எழுதுவது?